மதினி வீட்டுப் பெட்டிக்குள் பாஸ்போர்ட்

ஜூலை 5, வெள்ளி

காலை சுகர் 168. பிரஷர் 140/90.

இந்த டைரி செம்புக் கம்பி ஏஜென்ட் பொங்கலுக்குக் கொடுத்தது. ஆறு மாதமாகக் கடையில் பேரிங் டப்பாவுக்கு அடியில் கிடந்தது. இன்றைக்கு மகள் முத்துச்செல்வி அதைத் தூசி தட்டி எடுத்து வந்து, "அப்பா, தினமும் சுகரும் பிரஷரும் இதுல எழுதணும். நான் அங்க போனப்புறம் போன்ல கேப்பேன். வாய்க்கு வந்ததச் சொல்லக் கூடாது" என்று கையில் கொடுத்துவிட்டாள். மகள் நர்ஸாக இருக்கும் வீட்டில் அப்பா என்று யாரும் கிடையாது. நோயாளி ஒருவர் உண்டு.

முதல் பக்கத்தில் பெயர், தொழில், இரத்த வகை எழுத இடம் விட்டிருக்கிறார்கள். செண்பகராஜ். கோவில்பட்டியில் மோட்டார் காயில் கட்டும் கடை. இரத்த வகை தெரியாது. படிப்புக்கு இடம் விடவில்லை, நல்ல மனிதர்கள். பத்தாவது பாஸ் செய்து, பதினொன்றில் சேர்ந்த கையோடு காயில் கட்டப் போய்விட்டேன். பள்ளிக்கூடத்தில் இன்னும் என்னை யாரும் தேடவில்லை.

சுகர் எழுதச் சொன்னாள். நான் சொந்தக் கதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

'அங்க' என்று அவள் சொன்னது அயர்லாந்து. அங்கே ஒரு ஆஸ்பத்திரியில் வேலைக்கு எடுத்துவிட்டார்கள். பாஸ்போர்ட் வந்ததும் சென்னையில் ஏஜென்சிக்காரர்களிடம் ஒப்படைக்க வேண்டும். இந்த மாதம் 23ஆம் தேதி சாயங்காலம் வரைதான் வாங்குவார்கள். அதற்குள் கொடுக்காதவர்களை விட்டுவிட்டு மற்றவர்களுக்கு விசா போட்டுவிடுவார்களாம். அடுத்து எப்போது ஆள் எடுப்பார்கள் என்று அவர்களுக்கே தெரியாது.

போனில் மேப்பைக் காட்டினாள். விரலை வைத்தேன். நாடு முழுவதும் என் நகத்துக்குள் அடங்கிவிட்டது. "இவ்வளவு சின்ன ஊருக்கா போற?" என்றேன்.

"மேப்பப் பெருசாக்கிப் பாருங்கப்பா" என்றாள்.

ஜூலை 8, திங்கள்

சுகர் 155. பிரஷர் 136/88.

காலையில் செல்விக்குப் போனில் செய்தி வந்தது. பாஸ்போர்ட் ஸ்பீடு போஸ்ட்டில் வந்து ஊத்தங்குளம் கிளைத் தபாலாபீஸில் இருக்கிறது.

நாங்கள் கோவில்பட்டிக்குக் குடிவந்து மாமாங்கம் ஆகிறது. ஆனால் ஆதாரிலும் ரேஷன் கார்டிலும் ஊத்தங்குளம் முகவரியை மாற்ற நான் விடவில்லை. அங்கே என் பங்காளி பஞ்சாயத்துத் தேர்தலில் நிற்பான். ஓட்டு அங்கே இருக்க வேண்டும். நின்ற தடவையெல்லாம் தோற்றான். தோற்ற தடவையெல்லாம் நாங்கள் குடும்பத்தோடு போய் ஓட்டுப் போட்டோம். பாஸ்போர்ட்டுக்கு எழுதும்போது செல்வி, "ஆதார்ல இந்த வீட்டு அட்ரஸ மாத்திட்டு அப்புறம் போடலாம்ப்பா" என்றாள். "வாடகை வீடு. நாளைக்கே வீட்டுக்காரன் காலி பண்ணச் சொல்லிட்டா, வெளிநாட்டுக்காரன் உன்னைய எங்க வந்து தேடுவான்?" என்று கேட்டேன். அறிவாளி மாதிரிதான் கேட்டேன்.

பாஸ்போர்ட்டை உரியவர் கையில்தான் கொடுப்பார்கள். செல்விக்குப் பகல் டூட்டி. "சாயங்காலம் வண்டியில கூட்டிட்டுப் போறீங்களா?" என்றாள். கடையில் ஒரு போர்வெல் மோட்டாரைக் கழற்றிப் போட்டிருந்தேன்.

"நாளைக்குப் போவம். எங்க ஓடிரப் போவுது?" என்றேன்.

ஜூலை 9, செவ்வாய்

சுகர் பார்க்கவில்லை.

ஓடவில்லை. அங்கேயேதான் இருக்கிறது. எடுக்கத்தான் முடியாது.

கிராமத் தபால் ஊழியர்கள் இன்று முதல் வேலைநிறுத்தம். டவுன் தபாலாபீஸ் திறந்திருக்கிறது, கிராமத்துக் கிளைகள் மட்டும் மூடல். அதாவது வாடகை வீட்டு முகவரி கொடுத்திருந்தால் தபால்காரர் வாசலுக்கே வந்து கையெழுத்து வாங்கியிருப்பார். இதைச் செல்வி சொல்லவில்லை. என் சம்சாரம் சுப்புத்தாய் சொன்னாள். காலையில் சொன்னாள், சோறு போடும்போது சொன்னாள், பாத்திரம் கழுவும்போது பாத்திரத்திடம் சொன்னாள்.

"ஒங்க பங்காளிய விட்டு வாங்கியாரச் சொல்லுங்க. எத்தன தடவ ஓட்டுப் போட்டிருக்கோம்."

ஊத்தங்குளம் தபாலாபீஸ் என்பது குருவம்மாள் மதினி வீட்டு முன்னறைதான். ஒரு மேசை, ஒரு தராசு, ஒரு முத்திரை, ஒரு இரும்புப் பெட்டி. மதினி என் பெரியப்பா மகனைக் கட்டியவள். அண்ணன் தவறிய பிறகு அந்த வீடு இந்தப் போஸ்ட்மாஸ்டர் வேலையில்தான் ஓடுகிறது. நானும் செல்வியும் போனபோது வாசலில் சிவப்புத் துணி கட்டியிருந்தது. மதினி உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள்.

"வாங்க கொழுந்தனாரே. வா தாயி."

"பெரியம்மா, என் பாஸ்போர்ட்டு வந்திருக்காம்" என்றாள் செல்வி.

"நேத்துப் பையில வந்துச்சு. அந்தா, பெட்டிக்குள்ள இருக்கு."

கையை நீட்டினால் பெட்டியைத் தொடலாம். தொட்டேன்.

"எடுத்துக் குடுங்க மதினி" என்றேன்.

"எடுத்துக் குடுக்கது போஸ்ட்மாஸ்டர் வேலை. இன்னைக்கு நான் போஸ்ட்மாஸ்டர் இல்ல, ஒங்க மதினி. மதினிகிட்ட சாவி கெடையாது. மோரு இருக்கு, குடிக்கியளா?"

மோர் குடித்தோம். "பெட்டியோட தூக்கிட்டுப் போயிருதேன். பாக்கலைன்னு சொல்லிருங்க" என்றேன்.

"தூக்குங்க. ஒங்க அண்ணன் ரெண்டு ஆள வச்சு எறக்குன பெட்டி. ஒங்களுக்குப் பிரஷரு வேற."

பிறகு முறத்தைக் கீழே வைத்துவிட்டுச் செல்வியைப் பார்த்துச் சொன்னாள். "நாலு மணிநேர வேலைன்னு எழுதி, அதுக்குத்தான் சம்பளம் தாரான். விடிஞ்சதுல இருந்து பொழுது அடையுத மட்டும் வாசல்ல ஆளு நிக்கி. இன்னைக்கு முதியோர் பணம் வாங்க வந்த கெழடுகளையே திருப்பி அனுப்பியிருக்கேன் தாயி. ஒனக்கு மட்டும் தொறந்தா அவுக மூஞ்சியில எப்படி முழிக்க?"

"நீங்க சொல்றது சரிதான் பெரியம்மா" என்றாள் செல்வி.

இவள் யார் பக்கம் என்று எனக்கு விளங்கவில்லை. திரும்பி வரும்போது வண்டியின் பின்னால் இருந்து சொன்னாள். "எங்க ஆஸ்பத்திரியிலயும் எட்டு மணிநேரம்னுதாம்ப்பா எழுதியிருக்கு."

ஜூலை 10, புதன்

சுகர் 190. மதினி வீட்டு மோர்தான் காரணம் என்று சொல்லிப் பார்த்தேன். மோரில் ஏறாதாம்.

ஜூலை 11, வியாழன்

சுகர் 172. பிரஷர் 144/92.

டவுனில் பெரிய தபாலாபீஸ் முன்னால் ஊழியர்கள் பந்தல் போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். விதிவிலக்கு கேட்கலாம் என்று போனேன். சங்கத் தலைவர் பெயர் ராமசுப்பு. சைக்கிளில் தபால் பை கொண்டு போகிறவர், முறுக்கு மீசை.

"அண்ணாச்சி, ஒரு பாஸ்போர்ட் விஷயம்" என்று ஆரம்பித்தேன்.

"உக்காருங்க அண்ணாச்சி. பேச்சு முடியட்டும்."

உட்கார்ந்தேன். பேச்சு முடியவில்லை. பந்தலில் ஒரு பெரிய ஃபேன் நின்றது, சுற்றவில்லை. நாற்பது பேர் வேர்வையில் கிடக்க, ஒரு காயில் கட்டுகிறவன் சும்மா இருக்க முடியுமா? கடைக்குப் போய் ஸ்க்ரூ டிரைவரும் ஒரு கெப்பாசிட்டரும் எடுத்து வந்து மாட்டினேன். காற்று வந்ததும் கைதட்டினார்கள். டீ கொடுத்தார்கள். கோஷம் போட்டார்கள். டீயைக் குடித்துவிட்டுக் கையைத் தூக்காமல் இருந்தால் நன்றாக இருக்காது என்று நானும் தூக்கினேன்.

பிறகு ராமசுப்பு பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, "ஒருத்தருக்குக் குடுத்தா ஊரே வரும் அண்ணாச்சி. வந்தா நாங்க இங்க உக்காந்திருக்கதுக்கு என்ன அர்த்தம்?" என்றார்.

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. நாளைக்கும் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை.

ஜூலை 13, சனி

சுகர் 160.

பேப்பரில் படம் வந்திருக்கிறது. 'கோரிக்கைகளை வலியுறுத்தி முழக்கமிடும் தபால் ஊழியர்கள்.' முன்வரிசையில், எல்லோரையும் விட உயரமாகக் கையைத் தூக்கிக்கொண்டு நிற்பது நான்.

சுப்புத்தாய் பேப்பரைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தாள். "எப்ப வேலை கெடச்சுது? எங்கிட்டச் சொல்லவே இல்ல."

மோட்டார் கொண்டு வந்த ஒருவர், "ஒங்களப் போல ஆளுகளாலதான் எம் மகன் அனுப்புன காயிதம் வரல" என்று கோபித்துக்கொண்டார். நான் இல்லை என்று சொல்லலாம். படத்தில் இருக்கும் கை அவ்வளவு உறுதியாக இருந்தது, சொல்ல மனம் வரவில்லை.

செல்வி படத்தை வெட்டித் தன் சான்றிதழ் ஃபைலில் வைத்துக்கொண்டாள்.

ஜூலை 15, திங்கள்

சுகர் 158. பிரஷர் 142/90.

டெல்லியில் பேச்சுவார்த்தை முறிந்தது.

சாயங்காலம் செல்வி அவள் அம்மாவுக்குப் பிரஷர் மெஷின் சொல்லிக் கொடுத்தாள். "நான் இல்லாதப்ப நீங்கதாம்மா பாக்கணும்." சுப்புத்தாய் பட்டையை என் கையில் சுற்றி, பொத்தானை அமுக்கி, கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தாள்.

"ரெண்டு நம்பரு காட்டுது. எது ஒங்களுக்கு, எது எனக்கு?"

சிரித்துச் சிரித்து எனக்கு இன்னும் ஏறியது. மூன்றாவது தடவை சரியாகப் பார்த்துவிட்டாள். அவள் கட்டும்போது பட்டை கையை இறுக்குகிறது. செல்வி கட்டினால் இறுக்குவதில்லை. அதே மெஷின்தான்.

ஜூலை 17, புதன்

இரவு பிரஷர் 160/100.

போர் மோட்டாரை மாட்டிக் கொடுக்க ஊத்தங்குளம் பக்கம் தனியாகப் போனேன். திரும்பும்போது மதினி வீட்டில் எட்டிப் பார்த்தேன். மதினி தண்ணீர்ச் செம்பைக் கொடுத்துவிட்டு, வாசலை ஒரு தடவை பார்த்துக்கொண்டு, குரலைத் தணித்துப் பேசினாள்.

"கொழுந்தனாரே, நாளைக்குப் பொழுதடைய புள்ளையக் கூட்டிட்டுப் பின்வாசல் வழியா வாங்க. குடுத்திருதேன். கையெழுத்த வாங்கி வச்சிக்கிட்டு, ஸ்ட்ரைக் முடிஞ்ச பெறகு தேதியப் போட்டுக்கிடுதேன்."

"அன்னைக்கு அப்படிச் சொன்னிய?"

"அன்னைக்குச் சொன்னதும் சரிதான். முதியோர் பணம் நாள் கழிச்சுக் குடுத்தாலும் பணந்தான். இவளுக்கு இருவத்தி மூணு தாண்டிட்டா அது வெறும் காயிதம். பெட்டிக்குப் பக்கத்துலதான படுத்துக் கெடக்கேன். தூக்கம் வரல."

"சங்கத்துல கேட்டா?"

"சங்கத்துக்கு நான் பதில் சொல்லிக்கிடுதேன். நீங்க போட்டோக்குக் கையத் தூக்கத மட்டும் பாருங்க."

சரி மதினி என்று வந்துவிட்டேன்.

வீட்டில் சுப்புத்தாய், "மதினி என்ன சொன்னாக?" என்று கேட்டாள். மோட்டார் நன்றாக ஓடுகிறதா என்று கேட்டாள் என்றேன். செல்வி பட்டையைக் கட்டிப் பார்த்துவிட்டு, "என்னப்பா நூத்தி அறுவது?" என்றாள். "மெஷினு சரியில்லம்மா. அம்மா அமுக்குன அமுக்குல போயிருக்கும்" என்றேன்.

ஜூலை 18, வியாழன்

இன்று போகவில்லை.

காரணங்களை எழுதி வைக்கிறேன். பந்தலில் கையைத் தூக்கிவிட்டுப் பின்வாசலில் கையை நீட்டுவது முறையில்லை. மதினி ஒற்றை ஆள், வெளியே தெரிந்தால் அவள் வேலைக்கு வினை. முதியோர் பணத்துக்குக் காத்திருக்கிற கிழவர்கள் என்ன பாவம் செய்தார்கள்? ஸ்ட்ரைக்கும் ரொம்ப நாள் நீடிக்காது என்று ராமசுப்புவே சொல்கிறார். எல்லாம் நியாயமான காரணங்கள். இத்தனை நியாயம் எனக்கு ஒரே நாளில் தோன்றியதில்லை.

சாயங்காலம் யாரும் அவசரமாகக் கேட்காத ஒரு மிக்ஸி மோட்டாரைப் பிரித்துக் கட்டினேன். வீட்டுக்கு வந்தபோது செல்வி டூட்டி முடிந்து வந்து குளித்து, நல்ல சுடிதார் போட்டுக்கொண்டு முன்னறையில் உட்கார்ந்திருந்தாள்.

"அப்பா, ஏதாவது சொல்லணுமா?"

"பேரிங் தேஞ்சிருச்சும்மா" என்றேன். "அதான் நேரமாயிருச்சு."

எழுந்து போய் நைட்டி மாற்றிக்கொண்டு வந்தாள்.

ஜூலை 19, வெள்ளி

வண்டி பின்டயர் பஞ்சர். ஒட்டவில்லை.

ஜூலை 20, சனி

சுகர் 181. பிரஷர் 154/96. மெஷின் இன்னும் சரியாகவில்லை.

செல்வி பஜாரில் ஒரு குளிர் ஜெர்கின் வாங்கி வந்தாள். இந்த வெயிலில் அதைப் போட்டு, தலையையும் மூடிக்கொண்டு அடுப்படியில் நின்று காட்டினாள். சுப்புத்தாய்க்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"கரடி மாதிரி இருக்கட்டி."

"பாஸ்போர்ட்டு வரலைன்னா இதப் போட்டுட்டு ஊட்டிக்குப் போவம்மா" என்றாள் செல்வி. அவளும் சிரித்துத்தான் சொன்னாள். ஆனால் கழற்றிய ஜெர்கினை மடிக்கவில்லை. எதையும் மடிக்காமல் வைக்கிற பிள்ளை இல்லை அவள். கட்டிலில் அது ஒரு கையை விரித்துக்கொண்டு கிடந்தது.

போய்ப் பஞ்சரை ஒட்டிக்கொண்டு வந்தேன். 'நாளைக்கு ஊத்தங்குளம் போவம்' என்று சொல்ல வாயெடுத்தேன். கரண்ட் போய்விட்டது. கரண்ட் வந்ததும் சொல்லவில்லை.

ஜூலை 21, ஞாயிறு

மத்தியானம் ராமசுப்பு போன் செய்தார். "அண்ணாச்சி, முடிஞ்சிருச்சு. கோரிக்கைய ஒத்துக்கிட்டு எழுத்துல குடுத்துட்டான். நாளைக்குக் காலையில எல்லாக் கிளையும் தொறக்கும். மொதல்ல ஒங்களுக்குத்தான் சொல்லுதேன்."

"சந்தோஷம் அண்ணாச்சி" என்றேன்.

"என்ன, கொரலே வரல. பிள்ளைக்கு நேரத்துக்குக் கெடச்சிரும்லா?"

கிடைத்துவிடும் என்றேன்.

ஜூலை 22, திங்கள்

விடிந்ததும் செல்வியைக் கூட்டிக்கொண்டு ஊத்தங்குளம் போனேன். முதியோர் பணத்துக்கு ஏழெட்டுப் பேர் எங்களுக்கு முன்னாலேயே உட்கார்ந்திருந்தார்கள். சிவப்புத் துணி இல்லை. மதினி மேசைக்குப் பின்னால், கண்ணாடி போட்டுக்கொண்டு, முழுப் போஸ்ட்மாஸ்டராக இருந்தாள். வரிசையில்தான் கூப்பிட்டாள். எங்கள் முறை வந்ததும் செல்வியின் ஆதாரை வாங்கி முகத்தோடு ஒத்துப் பார்த்தாள், பிறந்ததிலிருந்து பார்த்த முகத்தை. கையெழுத்து வாங்கிக்கொண்டு உறையைக் கொடுத்தாள்.

பிறகு கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தாள்.

"அன்னைக்குப் பொழுதடைஞ்சும் பின்வாசலத் தொறந்து வச்சிருந்தேன் கொழுந்தனாரே. நாயிதான் வந்துச்சு."

நான் தராசைப் பார்த்தேன். நன்றாக இருந்தது தராசு.

திரும்பும் வழியில் ரோட்டோர டீக்கடையில் வண்டியை நிறுத்தச் சொன்னாள். உறையைப் பிரித்தாள். கடைசிப் பக்கத்தில் ஊத்தங்குளம் என்று அச்சடித்திருந்தது. வாசித்துக் காட்டினாள். டீ வந்தது.

"பெரியம்மா அன்னைக்கே எனக்கும் போன் பண்ணிட்டாங்கப்பா. அப்பாகிட்டச் சொல்லியிருக்கேன், கூட்டிட்டு வருவாருன்னு."

டீ ரொம்பச் சூடு.

"நீ ஏம்மா கேக்கல?"

"கேட்டேனே. பேரிங் தேஞ்சிருச்சுன்னீங்க."

ஒரு லாரி போனது. அது போய் முடியும் வரை இரண்டு பேரும் அதையே பார்த்தோம்.

"ஸ்ட்ரைக் முடியலைன்னா இன்னைக்குக் காலையில நானே பஸ் ஏறி வந்திருப்பேன். டூட்டிய மாத்தி வாங்கி வச்சிருந்தேன்" என்றாள். "அது வரைக்கும் நீங்களே சொல்றீங்களான்னு பாத்தேன்." டம்ளரைக் கீழே வைத்தாள். "நூத்தி அறுவது நெசந்தாம்ப்பா. மெஷினு நல்லாத்தான் இருக்கு."

டீக்குக் காசு அவளே கொடுத்தாள்.

டூட்டியை மாற்றியதால் அவளுக்கு இன்று ராத்திரியும் நாளைப் பகலும் வேலை. நோட்டீஸ் கொடுத்துவிட்ட நேரத்தில் லீவு எடுத்தால் அனுபவச் சான்றிதழ் தர மாட்டார்கள். யாராவது சென்னைக்குக் கொண்டு போக வேண்டும். சுப்புத்தாய், தன் தம்பியை அனுப்பலாம் என்றாள்.

"அப்பா கொண்டு போவாங்க."

"இவுககிட்டயா? தொலச்சிட்டு வந்து நிக்கப் போறாக."

"அப்பாகிட்டதாம்மா" என்றாள் செல்வி. பாஸ்போர்ட்டை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு, என் உள்சட்டைப் பையில் அவளே வைத்து, ஊக்குக் குத்தினாள். குத்தும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. நானும் கூரையைத்தான் பார்த்தேன்.

சாயங்கால பஸ்.

ஜூலை 23, செவ்வாய், சென்னை

சுகர், பிரஷர் பார்க்கவில்லை. மெஷின் ஊரில் இருக்கிறது.

பஸ்ஸில் எல்லோரும் தூங்கினார்கள். நான் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டே வந்தேன். பக்கத்து சீட்டுக்காரர் நெஞ்சுவலியா என்று கேட்டார். விழுப்புரத்தில் ஒன்றுக்குப் போக எல்லோரும் எழுந்து இறங்கினார்கள். நான் இறங்கவில்லை. இறங்கியிருக்க வேண்டும், மறுபடி நிற்கவே இல்லை.

ஏஜென்சி திறக்கும் முன்னாலேயே படியில் உட்கார்ந்துவிட்டேன். ஒரு பெண் வந்து கண்ணாடிக் கதவைத் திறந்தது. செல்வி வயதுதான் இருக்கும். மேசைக்குப் போய், சட்டையைத் திறந்து, ஊக்கைக் கழற்றி, எடுத்துக் கொடுத்தேன். கொஞ்சம் ஈரமாகவும் சூடாகவும் இருந்தது. அந்தப் பெண் இரண்டு விரலால் வாங்கி, கம்ப்யூட்டரில் பெயரைத் தட்டியது.

"முத்துச்செல்வி. கடைசியா இவங்கதுதான் வரணும். போஸ்டா சார், கூரியரா? நோட் பண்ணணும்."

"போஸ்ட்டு" என்றேன். தபால் ஊழியர் என்று பேப்பரிலேயே என் படம் வந்ததுதானே.

ரசீது வாங்கிக்கொண்டு கீழே வந்து செல்விக்குப் போன் செய்தேன். வார்டில் இருந்தாள், மெதுவாகப் பேசினாள்.

"குடுத்தாச்சும்மா."

"சரிப்பா." பின்னால் யாரோ ஒரு நோயாளி சிஸ்டர், சிஸ்டர் என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். "மாத்திரை போட்டீங்களா?"

போட்டேன் என்று சொல்ல வந்தேன்.

"இல்லம்மா, போடல" என்றேன். "இப்பப் போட்டுருதேன்."

"போடுங்க. நான் லைன்ல இருக்கேன்."

தண்ணீர் வாங்கி, மாத்திரையை விழுங்கி, விழுங்கிவிட்டேன் என்று சொல்லும் வரை இருந்தாள். அந்த நோயாளி அதுவரை கூப்பிட்டுக்கொண்டேதான் இருந்தார்.

இதைக் கோயம்பேட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். பஸ்ஸுக்கு நேரம் இருக்கிறது. ஊக்கு மட்டும் சட்டைப் பையில் கிடக்கிறது. பழக்கதோஷம், அடிக்கடி கை அங்கேயே போகிறது.